கோல் விழுந்தாச்சு, கத்தலாமா?

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணி. கத்தாரில் அர்ஜென்டினாவுக்கும் சவுதி அரேபியாவுக்கும் ஆட்டம். வடசென்னையின் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் அர்ஜென்டினாவுக்கு இருக்கும் கூட்டம் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டி அடித்தார். அதற்குப் பிறகு முதல் பாதி முடிவதற்குள் அர்ஜென்டினா இன்னும் மூன்று முறை பந்தை வலைக்குள் தள்ளியது. மூன்றுமே ஆஃப்சைடு: பந்து உதைக்கப்பட்ட நொடியில், கடைசிக்கு முந்தைய எதிராளியைத் தாண்டி முன்னால் நின்ற தப்பு.

அந்த மூன்றில் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். லாட்டரோ மார்ட்டினஸ் தனியாக ஓடுகிறார், முன்னால் வந்த கோலியின் (கோல்கீப்பரின்) தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போடுகிறார், பந்து உள்ளே போகிறது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கத்தியாயிற்று. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கணினிப் படம் வருகிறது. தோளளவு முன்னால் இருந்தாராம். கோல் இல்லை. எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்கிறார்கள்.

நாற்பது வருடமாக ஃபுட்பால் பார்க்கும் ஒருவர் "ஆட்டம் முன்ன மாதிரி இல்லப்பா" என்று சொன்னால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடக் கூடாது. அந்தச் சலிப்புக்குத் தனித்தனியான காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டத் திருத்தமோ ஒப்பந்தமோ இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைச் செய்தவர்களிடம் நல்ல காரணமும் இருந்தது. ஆனால் எந்த மாற்றத்திலும், கிரவுண்டுக்கு வந்து நின்று பார்க்கிறவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

விஏஆர்: எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது

விஏஆர் என்பது வீடியோ பார்த்து ரெஃப்ரீக்கு உதவும் இன்னொரு ரெஃப்ரீ. கால்பந்துச் சட்டங்களை எழுதும் அமைப்பான ஐஎஃப்ஏபி 2018 மார்ச்சில் இதைச் சட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு ரஷ்ய உலகக் கோப்பையில் பயன்பாட்டுக்கு வந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2019-20 சீசனில் ஏற்றுக்கொண்டது.

விஏஆர் எல்லாவற்றிலும் தலையிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டமாக்கியபோது நான்கே நான்கு இடங்களைத்தான் குறித்துக் கொடுத்தார்கள்:

1. கோலா, இல்லையா. கோலுக்கு முந்தைய ஃபவுல், ஹேண்ட்பால், ஆஃப்சைடு எல்லாம் இதற்குள் வரும்.
2. பெனால்டியா, இல்லையா.
3. நேரடியாகக் காட்டிய சிவப்பு அட்டை. இரண்டாவது மஞ்சள் அட்டையால் வந்த சிவப்பு அப்போது இதில் சேரவில்லை.
4. தப்பு செய்தவரை விட்டுவிட்டு வேறொருவருக்கு அட்டை காட்டியது.

இந்த நான்கிலும் "தெளிவான, கண்ணுக்குத் தெரிந்த தவறு" இருந்தால் மட்டுமே விஏஆர் வாய் திறக்க வேண்டும். ரெஃப்ரீயின் தீர்ப்பு சரியா என்று மறுபடி விசாரிப்பது அதன் வேலை இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. குழப்பம் பாதி இதிலிருந்துதான் வருகிறது. சில தீர்ப்புகள் அபிப்பிராயம் சார்ந்தவை. கால் பட்டது பெனால்டி தரும் அளவுக்கா என்பது அப்படி ஒன்று. அங்கே ரெஃப்ரீ கோட்டோரம் இருக்கும் திரைக்கு ஓடி, தானே பார்த்து முடிவெடுப்பார். வேறு சில தீர்ப்புகள் அளவு சார்ந்தவை. ஆஃப்சைடு இந்த வகை. இதற்கு "தெளிவான தவறு" என்ற வரம்பு கிடையாது. ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருந்தாலும் ஆஃப்சைடு ஆஃப்சைடுதான். ரெஃப்ரீ திரையைப் பார்க்கக்கூடத் தேவையில்லை, காதில் சொல்வார்கள். லாட்டரோவின் கோல் போனது இந்த வழியில்தான்.

ஆஃப்சைடு எதற்காக வந்தது

ஆஃப்சைடு சட்டம் கோலைப் பிடித்து நிறுத்துவதற்காக எழுதப்பட்டது இல்லை. எதிரணி கோல் பக்கத்திலேயே ஒருவன் காவல் காத்து நிற்பதைத் தடுக்க வந்தது. அதன் வரலாறு நெடுக, கோல் அடிக்கிறவனுக்கு இடம் கொடுத்துக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள்.

1863-இல் எழுதிய முதல் சட்டத்தில் பந்துக்கு முன்னால் நின்றாலே தப்பு. 1866-இல் மூன்று எதிராளிகள் உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் இருந்தால் போதும் என்றார்கள். 1925-இல் அந்த மூன்று இரண்டானது. 1990-இல் இன்னொரு சலுகை வந்தது: கடைசிக்கு முந்தைய எதிராளிக்குச் சமமாக நின்றால் அது ஆஃப்சைடு இல்லை. அதற்குப் பிறகு லைன்ஸ்மேன்களுக்குச் சொல்லப்பட்ட வழக்கமும் அதை ஒட்டியதுதான். சந்தேகம் என்றால் கொடியைத் தூக்காதே, ஃபார்வர்டுக்கு விட்டுக்கொடு.

ஒரு லைன்ஸ்மேனின் கண் என்ன செய்யும் என்று பாருங்கள். பந்தை உதைக்கும் காலை ஒரு பக்கமும், கடைசி டிஃபெண்டரை இன்னொரு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். மனிதக் கண்ணால் முழங்கால் முன்னால் போனதா, மூக்கு முன்னால் போனதா என்று பிரிக்க முடியாது. அதனால் "சமம்" என்பதற்கு நடைமுறையில் ஒரு அகலம் இருந்தது, ஒரு அடி, அரை அடி. சட்டப் புத்தகத்தில் எழுதாமலே அந்த அகலம் ஆட்டத்துக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. விஏஆர் வந்ததும் அந்த அகலம் சத்தமில்லாமல் காணாமல் போனது. சட்டத்தின் வார்த்தை மாறவில்லை. அளவுகோல் மட்டும் மாறியது. ஆனால் ஆட்டமே வேறாகிவிட்டது.

அந்தப் புதிய அளவுகோலும் ஆரம்பத்தில் சொன்ன அளவுக்குத் துல்லியமாக இல்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்:

1. வழக்கமான ஒளிபரப்பு கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு.
2. முழு வேகத்தில் ஓடும் ஃபார்வர்டு நொடிக்கு 9 மீட்டர் போவார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் அவர் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார்.
3. ஆஃப்சைடு பொறி வைக்க டிஃபெண்டர் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் ஏறினால், இருவருக்கும் இடையிலான தூரம் 36 சென்டிமீட்டர் மாறும்.
4. பந்து காலைவிட்டுக் கிளம்பிய நொடி எந்தப் படத்தில் இருக்கிறது என்று ஒரு மனிதர்தான் கையால் தேர்ந்தெடுத்தார்.

ஒரு படம் முன்னே பின்னே எடுத்திருந்தால் முடிவே மாறக்கூடிய இடத்தில், அக்குளுக்கும் தோளுக்கும் கோடு போட்டுக் கோலை அழித்துக்கொண்டிருந்தார்கள். முதல் சில ஆண்டுகளில் ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

இந்தக் குறையைச் சரிசெய்ய வந்ததுதான் அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறை. 2022 கத்தாரில் மைதானக் கூரையில் 12 கேமரா, ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள், நொடிக்கு 50 முறை கணக்கு. பந்துக்குள் இருக்கும் சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். உதைத்த நொடியை இனி மனிதர் தேட வேண்டாம். போட்டித்தொடரின் முதல் ஆட்டத்திலேயே, மூன்றாவது நிமிடத்தில் எக்வடாரின் என்னர் வலென்சியா அடித்த கோலை இந்த முறைதான் எடுத்துப் போட்டது. பிரீமியர் லீக் இதை 2025 ஏப்ரலில் கொண்டுவந்தது.

ஆக இன்று துல்லியம் கூடிவிட்டது. அதனால் நம் மனக்குறை தீரவில்லை. ஏனென்றால் அந்தத் துல்லியம் பதில் சொல்வது வேறு கேள்விக்கு. விரல் அகலம் முன்னால் இருந்ததால் ஃபார்வர்டுக்கு என்ன லாபம் கிடைத்தது? ஒன்றும் இல்லை. காவல் காத்து நிற்பவனைத் தடுக்க எழுதிய சட்டம், சேர்ந்து ஓடி வந்தவனைத் தண்டிக்கிறது. முன்னாள் ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் சொல்லிவரும் திருத்தம் இதைத்தான் தொடுகிறது. ஃபார்வர்டின் கோல் அடிக்கக்கூடிய உடல் பாகம் ஏதாவது ஒன்று டிஃபெண்டருக்குச் சமமாக இருந்தாலே ஆஃப்சைடு இல்லை என்கிறார். அப்போதும் ஒரு கோடு இருக்கும், அளவெடுப்பும் இருக்கும். ஆனால் கோடு நியாயமான பக்கம் நகர்ந்திருக்கும். என் கணிப்பில் இதுவரை வந்த யோசனைகளில் சட்டத்தின் பழைய நோக்கத்துக்கு நெருக்கமானது இதுதான்.

கோல்லைன் கருவியை யாரும் ஏன் திட்டுவதில்லை

பழைய ரசிகர்களுக்குத் தொழில்நுட்பமே பிடிக்காது என்று சொல்கிறவர்களுக்கு இது பதில்.

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு அடித்த பந்து பாரில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து வெளியே வந்தது. உலகமே பார்த்தது, ரெஃப்ரீயும் லைன்ஸ்மேனும் பார்க்கவில்லை. 2012-இல் கோல்லைன் கருவிக்கு அனுமதி கிடைத்தது. 2014 பிரேசில் உலகக் கோப்பையில் வந்தது. பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால் ஒரு நொடிக்குள் ரெஃப்ரீயின் கைக்கடிகாரம் அதிரும். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்ட ரசிகர் கூட்டம் எங்கேயும் இல்லை.

வித்தியாசம் எங்கே? அது ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஒரு நொடியில் சொல்கிறது. சொன்ன பிறகு மாற்றுவதில்லை. கோல் விழுந்த அந்த நொடி ரசிகரிடமே இருக்கிறது. விஏஆர் அந்த நொடியைத்தான் எடுத்துக்கொண்டது. இப்போது எல்லாக் கோலும் முதலில் தற்காலிகக் கோல். அடித்தவர்கூட ஓடுவதற்கு முன் லைன்ஸ்மேன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்.

கொடியும் முன்போல் இல்லை. விஏஆர் உள்ள ஆட்டங்களில், கோல் வரக்கூடிய சூழலில் ஆஃப்சைடு நூலிழையில் இருந்தால் லைன்ஸ்மேன் உடனே கொடி தூக்கக் கூடாது. அந்தத் தாக்குதல் முடிகிற வரை காத்திருந்து பிறகு தூக்க வேண்டும். முன்கூட்டித் தூக்கி விசில் அடித்துவிட்டால், நல்ல கோலாக இருந்தாலும் திரும்பக் கொடுக்க முடியாதே என்பது காரணம். காரணம் சரி. பார்க்கிறவருக்கோ, ஆஃப்சைடு என்று தெரிந்தே பத்து நொடி பந்தோடு ஓடுகிறவரையும், அவரோடு மோத வரும் கோலியையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது.

லண்டனில் ஒரு "செக் முடிந்தது"

2023 செப்டம்பர் 30. டோட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டயஸ் கோல் அடிக்கிறார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்குகிறார். விஏஆர் அறையில் கோடு போட்டுப் பார்க்கிறார்கள்: ஆஃப்சைடு இல்லை, நல்ல கோல். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அறையில் இருந்தவர் நினைத்துக்கொண்டார். அதனால் "செக் முடிந்தது" என்று சொன்னார். ரெஃப்ரீக்கு அது "உங்கள் தீர்ப்பு சரி" என்று கேட்டது. ஃப்ரீகிக் எடுத்து ஆட்டம் தொடர்ந்தது.

சில நொடிகளில் அறையில் இருந்தவர்களுக்குத் தவறு புரிந்துவிட்டது. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போய்த் திருத்தக் கூடாது என்பது விதி. தப்பென்று தெரிந்துகொண்டே விட்டார்கள். லிவர்பூல் 2-1 என்று தோற்றது. ரெஃப்ரீக்களின் அமைப்பு இதைப் பெரிய மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டது, அறைக்குள் நடந்த பேச்சின் ஒலிப்பதிவையும் வெளியிட்டது.

அங்கே கேமரா பழுதாகவில்லை, கோடும் சரியாகவே விழுந்தது. பேசிக்கொள்ளும் முறையில்தான் ஓட்டை. மைதானத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஆட்டத்தின் முடிவு, அவர்கள் பார்க்க முடியாத ஒரு அறையில், அவர்கள் கேட்க முடியாத இரண்டு வார்த்தையில் மாறியது.

இங்கே ஏன் அதையே கேட்கிறோம்

ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் விஏஆர் இல்லாமலே ஓடியது. 2023 மார்ச் 3-ஆம் தேதி பெங்களூரில் நடந்த நாக்அவுட் ஆட்டம் நினைவிருக்கும். கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் சுவர் கட்டி முடிப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை அடித்துவிட்டார். கோல் கொடுக்கப்பட்டது. பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. பிறகு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம். விஏஆர் வேண்டும் என்ற குரல் அதன் பிறகு பலமாகக் கேட்டது.

ஆனால் அந்தச் சண்டை எதைப் பற்றி? விசிலுக்குக் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றி. வீடியோவைப் பத்து முறை ஓட்டினாலும் இந்தக் கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. நம் ஊர் ரெஃப்ரீயிங் மோசம் என்ற கோபம் நியாயமானது. அதற்கு விஏஆர்தான் மருந்து என்பது அவசர முடிவு.

முழு விஏஆருக்குக் கேமராக்கள், தனி அறை, பயிற்சி பெற்ற ரெஃப்ரீக்கள் எல்லாம் வேண்டும். செலவு குறைந்த ஒரு வழியையும் ஃபிஃபா சோதித்துவருகிறது. அதில் வீடியோ ரெஃப்ரீயே கிடையாது. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஒரு ஆட்டத்தில் இரண்டு முறை முறையிட உரிமை. கேட்டால் ரெஃப்ரீயே கோட்டோரத் திரையில் பார்ப்பார். முறையீடு வென்றால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். கிரிக்கெட்டில் டிஆர்எஸ் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. பின்னால் ஒரு தனி அறை உட்கார்ந்து எல்லாவற்றையும் துழாவிக்கொண்டு இருக்காது என்பதே இதில் பெரிய நிம்மதி.

சுவீடனில் விஏஆரே இல்லை. அங்கே கிளப்களின் வாக்குரிமையில் 51 சதவீதம் உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றார்கள், வரவில்லை. இங்கிலாந்தில் 2024 ஜூனில் வுல்வ்ஸ் கிளப் விஏஆரை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தது, 19-1 என்று தோற்றது. அந்த வாக்கெடுப்பில் ரசிகர்களுக்கு இடமில்லை.

பந்து ஏன் கோலியிடமே போகிறது

அடுத்த புகார் இது: "முன்னாடி போகாம பின்னாடியே பாஸ் பண்றானுங்க."

இதற்கு இரண்டு சட்டத் திருத்தங்கள் அடிப்படை. 1992-இல், தன் அணி ஆள் காலால் வேண்டுமென்றே தள்ளிய பந்தைக் கோலி கையால் எடுக்கக் கூடாது என்றார்கள். நேரம் கடத்துவதைத் தடுக்க வந்த நல்ல சட்டம். விளைவாகக் கோலி காலால் ஆடக் கற்றுக்கொண்டார். 2019-இல், கோல்கிக் எடுக்கும்போது பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டிய பிறகுதான் தொடலாம் என்ற விதி போனது. உடனே பயிற்சியாளர்கள் கோலி பக்கத்திலேயே இரண்டு டிஃபெண்டர்களை நிறுத்தினார்கள். எதிரணியை மேலே இழுத்து, பின்னால் காலியாகும் இடத்தில் பந்தைக் கடத்துவது திட்டம். நன்றாக ஆடினால் அழகுதான். எல்லா அணியும் ஒரே மாதிரி ஆடும்போது, தனியாக இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போகிற விங்கர் குறைந்துபோகிறார். வடசென்னையின் குறுகலான கிரவுண்டுகளில் பையன்கள் முதலில் கற்றுக்கொள்வது அந்த வெட்டைத்தான்.

ஆட்டம் அதிகமாகிக்கொண்டே போகிறது

கணக்கை மட்டும் சொல்கிறேன். உலகக் கோப்பை கத்தாரில் 32 அணி, 64 ஆட்டம். 2026-க்கு 48 அணி, 104 ஆட்டம். சாம்பியன்ஸ் லீக் 125 ஆட்டத்திலிருந்து 2024-25-இல் 189-க்குப் போனது. 2025 கோடையில் 32 கிளப்கள் ஆடிய புதிய கிளப் உலகக் கோப்பையில் 63 ஆட்டம். 2024 செப்டம்பர் 17 அன்று மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கு நெருங்கிவிட்டார்கள் என்றார். ஐந்து நாளில், ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே போனார்.

ஆட்டம் கூடினால் ஒளிபரப்பு உரிமையின் விலை கூடும். பார்க்கிறவருக்கு ஒவ்வொரு ஆட்டத்தின் கனமும் குறையும். 1986-இல் தூர்தர்ஷனில் மரடோனாவைப் பார்த்தவர்கள் அவர் அடித்த கோலை இன்றும் நடித்துக் காட்டுவார்கள். காத்திருந்து பார்த்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கூடாது. சின்னக் கிளப்களின் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக இருக்கும் தடை. அதே மூன்று மணி ஆட்டத்தைப் பெரம்பூரில் இருக்கிறவர் இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ கைபேசியில் பார்க்கலாம். அங்கே தெருமுனை கிளப்பைக் காப்பாற்ற ஒரு விதி இருக்கிறது. நம் பக்கத்து மைதானத்தைக் காப்பாற்ற அப்படி எதுவும் இல்லை.

ஏணி இல்லாத மாடி: நம் ஊர் லீக்

இதுவரை சொன்னது எல்லாம் தூரத்து ஆட்டம். வியாசர்பாடிக்கு மிக நெருக்கமான வலி இந்தியக் கால்பந்தின் கட்டமைப்பில் இருக்கிறது. 2025-இல் ஐஎஸ்எல் ஏன் நின்றது என்று பலரும் குழம்பியதால், முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம்.

1. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுக்கு ஒரு தனியார் கூட்டணிக்குக் கொடுத்தது. சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 50 கோடி ரூபாய் சம்மேளனத்துக்கு வரும். 2014-இல் பிறந்த ஐஎஸ்எல்லின் வேர் இந்த ஒப்பந்தம்.

2. ஐஎஸ்எல் பணம் கட்டி இடம் வாங்கும் லீக்காகத் தொடங்கியது. கடைசி இடம் வந்தாலும் கீழே இறங்க வேண்டாம். கீழே இருந்து வென்றாலும் மேலே ஏற முடியாது.

3. இதில் தமிழ்நாடு பட்ட அடி பெரியது. ஐஎஸ்எல்லுக்கு முன்பிருந்தே நடந்த தேசிய லீக்கான ஐ-லீக்கை 2018-19-இல் சென்னை சிட்டி எஃப்சி வென்றது. கோவையைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய அணி. உலகில் வேறு எங்கும் என்றால் அந்த அணி மேலே போயிருக்கும். இங்கே கதவே இல்லை. ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக் என்பது அடுத்த சீசனிலிருந்து உறுதியானது. சில ஆண்டுகளில் சென்னை சிட்டி தேசிய லீக்கிலேயே இல்லாமல் போனது.

4. 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல்லில் இடம் கிடைத்தது. பஞ்சாப் ஏறியது, அடுத்து முகமதன் ஸ்போர்ட்டிங். 2024-25 வரை எந்த அணியும் கீழே இறக்கப்படவில்லை.

5. 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-இல் முடிய இருந்தது. சீசன் செப்டம்பரில் தொடங்கினால் பாதியில் ஒப்பந்தம் போய்விடும். சம்மேளனத்தின் சட்டவிதிகள் பற்றிய வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகாததால், 2025 ஜூலையில் லீக்கை நடத்தும் நிறுவனம் சீசனை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில், ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சி தன் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. உரிமைக்கு டெண்டர் விட்டார்கள், நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவரும் கேட்கவில்லை.

6. கடைசியில் மத்திய அரசு தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-இல் சீசன் தொடங்கியது. 14 அணிகள், ஒருவரோடு ஒருவர் ஒரே முறை, மொத்தம் 91 ஆட்டங்கள்.

ஒப்பந்தத் தேதி முன்கூட்டியே தெரியாத ரகசியம் இல்லை. 2010-இலேயே காகிதத்தில் இருந்தது. பதினைந்து ஆண்டு கைக்கு இருந்தும் நாட்டின் முதல் லீக்கை ஐந்து மாதம் நிற்க விட்டார்கள். இதைச் சாதாரண நிர்வாகத் தாமதம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு வீரரின் நல்ல காலம் பத்துப் பன்னிரண்டு சீசன்தான்.

இது முல்லை நகர் கிரவுண்டில் என்னவாக முடிகிறது

வியாசர்பாடியைக் குட்டிப் பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதும். முல்லை நகர் கிரவுண்டில் சாயங்காலம் நின்றால் ஏன் என்று தெரியும். ஒரே மண்ணில் நாலைந்து வயதுக் கூட்டம் தனித்தனியாக ஆடிக்கொண்டிருக்கும். பூட்ஸ் உள்ளவனும் வெறுங்காலில் ஆடுகிறவனும் ஒரே அணியில். இங்கிருந்து போன தனபால் கணேஷ், 2018 மார்ச் 13 அன்று நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் 29-ஆவது நிமிடம் தலையால் கோல் அடித்தார். சென்னையின் எஃப்சி 3-0 என்று வென்று இறுதிக்குப் போய்க் கோப்பையும் வாங்கியது. கணேஷின் வீட்டுக்கும் ஸ்டேடியத்துக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். அந்தக் கோலுக்கு யாரும் காத்திருந்து கத்தவில்லை.

சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் போன பாதையையும் பாருங்கள். சென்னை சிட்டி, பிறகு டெல்லி, ஒடிசா, ஈஸ்ட் பெங்கால், இந்திய அணி. 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோலில் ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தா டெர்பியை வென்றது. அந்தப் பாதையின் முதல் படி இன்று இல்லை.

ஐஎஸ்எல் வருவதற்கு முன்பு ஏணி வேறு மாதிரி இருந்தது. சென்னை லீக்கில் டிவிஷன் டிவிஷனாக ஏறுவார்கள். நல்ல ஆட்டக்காரனை ஒரு டிபார்ட்மென்ட் டீம் கூப்பிடும்: ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ். முதலில் கெஸ்ட் பிளேயராகப் போவான், பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலையில் பிராக்டிஸ், பிறகு ஆபீஸ். கால் போனாலும் சம்பளம் போகாது. வடசென்னையில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு கால்பந்தால் வாடகை வீட்டிலிருந்து குவார்ட்டர்ஸுக்குப் போனது இந்த வழியில்தான். அந்த வேலைகள் முன்போல் இல்லை. அந்த இடத்தில் வந்த தொழில்முறை லீக்கோ மேலே ஒரு மாடியை மட்டும் கட்டிவிட்டுப் படிக்கட்டை விட்டுவிட்டது.

அதனால் அடுத்த சீசன் செய்திகளைப் படிக்கும்போது அட்டவணையையும் வெளிநாட்டு வீரர்களின் பெயர்களையும் தாண்டி மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்:

1. புதிய வணிக ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, முடிகிற தேதி ஒரு சீசனின் நடுவில் விழுகிறதா.
2. கடைசி இடம் வரும் அணி உண்மையிலேயே கீழே இறக்கப்படுகிறதா.
3. சென்னை சீனியர் டிவிஷனில் வெல்லும் அணி, யாருக்கும் பணம் கட்டி இடம் வாங்காமல், வென்றுகொண்டே போனால் எத்தனை ஆண்டில் ஐஎஸ்எல்லைத் தொட முடியும்.

மூன்றாவதற்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்ல முடிகிற நாளில்தான், முல்லை நகரில் வெறுங்காலில் ஆடுகிற பையனிடம் அவன் பயிற்சியாளர் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியும்.